ஒரே போன்ல ரெண்டு பஸ் ஆப்

"மேடம், எங்க வீட்டுக்காரர் ஆப்பு எங்க போச்சு?"

பாகலூர் ஃபேக்டரி கேட்டுல எங்க புது ஆப்போட ட்ரையல் அன்னைக்கு, தனம்னு உற்பத்தி லைன்ல வேலை பாக்கற அம்மா போனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டிக் கேட்டாங்க. கம்பெனி பஸ் எங்க வருதுன்னு காட்டற ஆப் அது. அவங்க வீட்ல ஒரே போன். வீட்டுக்காரர் வேற ஃபேக்டரி. அந்த ஃபேக்டரிக்கும் இதே மாதிரி ஆப்பை நாங்கதான் முன்னாடியே குடுத்திருந்தோம். நான் புதுசைப் போட்டதும் பழசைக் காணோம்.

எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. எங்க ஆபீஸ் பழக்கம் அப்படி. ஒருத்தருக்கு ஃப்ளட்டர்ல எழுதின ஆப் புராஜெக்டை அப்படியே காப்பி பண்ணி, பேரையும் ஐக்கானையும் மாத்தி அடுத்தவருக்குக் குடுத்துடுவாங்க. உள்ள இருக்கற பேக்கேஜ் பேரை எவனும் தொடமாட்டான். போனுக்கு ஆப்போட அடையாளமே அதுதான். ரெண்டுக்கும் ஒண்ணா இருந்தா, அப்டேட்டுன்னு நெனச்சு பழசு மேலேயே ஏத்திக்கும். தொண்டை கிழியச் சொல்லியிருக்கேன். கேட்டாத்தானே!

மேனேஜருக்குப் போன் போட்டேன். "பழசைத் திருப்பிப் போட்டுக் குடுத்துட்டு வாம்மா, அப்புறம் பாத்துக்கலாம்"னார்.

"பழசைப் போட்டா புதுசு போயிடும் சார். நாளைக்கு இந்தம்மா பஸ் எங்கன்னு தெரியாம ரோட்ல நிக்கணுமா?"

தனம் தயங்கித் தயங்கிச் சொன்னாங்க: "அவருக்கு நைட் ஷிப்ட் மேடம். நான் போய் போனைக் குடுத்தாத்தான் கெளம்புவாரு. இன்னும் புரபேஷன்தான். பஸ்ஸை விட்டா வேலையே போயிடும்."

"நீங்க லைனுக்குப் போங்கம்மா. ஷிப்ட் விடறதுக்குள்ள ரெண்டும் ஓடும்"னேன். அவங்க போனை வாங்கி வெச்சுக்கிட்டேன்.

செக்யூரிட்டி ரூம்லயே லேப்டாப்பைத் தொறந்தேன். ஆப்பை பில்டு பண்ணி எடுக்கற கிரேடில் ஃபைல்ல, புது ஆப்போட பேக்கேஜ் பேரை மாத்தினேன். பில்டே ஆகல, ஆப் பேசற கூகுளோட ஃபயர்பேஸ் சர்வீஸுக்குப் புதுப் பேரு தெரியல. அங்க பதிஞ்சு, புது கான்ஃபிக் ஃபைலை எடுத்துப் போட்டேன். பில்டு ஆச்சு. ஆப் தொறந்து, பட்டுனு மூடிக்கிச்சு. சனியன்! தேடிப் பாத்தா, முதல்ல ஓடற மெயின் ஆக்டிவிட்டி ஃபைலோட மேல் வரியில இன்னும் பழைய பேரு.

"ஊட்டா ஆய்த்தா மேடம்?"னு செக்யூரிட்டி அண்ணா கன்னடத்துல விசாரிச்சார்.

"சாப்பாடு கெடக்கட்டும்ணா. மொதல்ல இது ஓடட்டும்."

அந்த வரியையும் மாத்தினேன். ஓடுச்சு. தனம் போன்ல பழசைத் திருப்பி ஏத்தி, கூடவே புதுசையும் போட்டேன். ஐபோன்காரங்களுக்கு வேற பில்டு; அங்க பேக்கேஜ் பேருக்குப் பதிலா இருக்கற பண்டில் ஐடியையும் கையோட மாத்தினேன். ஒரு பேரை மாத்த ஊரையே சுத்தி வரணும், ஆனா சுத்தித்தான் ஆகணும்.

தனம் வெளிய வந்தப்ப போன்ல ரெண்டு ஐக்கானும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு. ரெண்டையும் தொறந்து பாத்துட்டு, என் நம்பரையும் பதிஞ்சுக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடினாங்க.

பொழுது சாயற நேரம் தனம் நம்பர்ல இருந்து போன். ஆம்பளைக் குரல். "மேடம், நான் தனம் வீட்டுக்காரர். பஸ்ல உக்காந்துட்டேன்."

கண்ணு கலங்கிடுச்சு, சொல்றதுக்கென்ன. உடனே மேனேஜருக்கு மெசேஜ் போட்டேன்: "காப்பி பண்ணின கையோட பேக்கேஜ் பேரு மாறணும் சார். மாத்தாத பில்டு இனிமே என் கையால வெளிய போகாது."

அப்படிப்பட்ட பில்டு எதுவும் இன்னிவரைக்கும் போகல.