திருமுல்லைவாயில் சாலையில் ஒரு காலி நாற்காலி

ஆவடிக்குப் போகும் என் ஷேர் ஆட்டோ திருமுல்லைவாயிலில் நின்றுவிடுகிறது. தண்ணீர் லாரி வரவில்லை என்று பெண்கள் குடங்களோடு நடுரோட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். கவுன்சிலர் போனை எடுக்கவில்லையாம்.

நான் ஐந்தாவதோடு நின்றவன். ஒற்றை லேத்தில் ஆரம்பித்துப் பட்டறை முதலாளியானவன். மகனைப் பார்க்க அமெரிக்கா போய் அந்த ஊர் அரசியலையும் பார்த்தவன். சொல்லாமல் போக மனம் வருமா? இறங்கிப் போய், முன்வரிசையில் குடத்தோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவிடம் சொல்கிறேன். அங்கே முதலில் அட்டை பிடித்து ஊர்வலம் போவார்கள். பிறகு மண்டபத்தில் கூடி எம்.பி.யைக் கூப்பிடுவார்கள். அவர் வராவிட்டால் மேடையில் காலி நாற்காலி போட்டு அதனிடமே கேள்வி கேட்பார்கள்.

"நாற்காலி இன்னா பதில் சொல்லும் நைனா?"

"ஒண்ணும் சொல்லாதும்மா. ஆனா அங்க கேள்வி கேட்ட ஒரு டீச்சரம்மா அடுத்த எலெக்ஷன்ல அவங்களே நின்னுட்டாங்க."

"ஜெயிச்சாங்களா?"

"அதுக்குள்ள எனக்கு விசா முடிஞ்சிடுச்சு."

வராத கவுன்சிலருக்கென்று டீக்கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி நடுரோட்டுக்கு வருகிறது. சற்று நேரம் சும்மா கிடக்கிறது. "எதுக்கு வெயில்ல காலியா கெடக்குது?" என்று அந்த அம்மாவே உட்கார்ந்துகொள்கிறார்.

பைக்கில் கவுன்சிலர் வந்து இறங்குகிறார். உட்கார இடம் பார்க்கிறார். பிறகு நின்றபடியே லாரிக்குப் போன் போடுகிறார். நாற்காலி யோசனை என்னுடையது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. நானே போய்ச் சொல்கிறேன்.