நோன்பு நாளில் ஒரு பதிவு

கல்முனைக்குடியில் நண்பனின் மாடியறையில் இருந்துதான் காமிக்ஸ், ரோபோ பொம்மைகள் பற்றி நாங்கள் இருவரும் பொட்காஸ்ட் பதிவு செய்வோம். ஒரு நோன்பு நாள், அஸர் தொழுதுவிட்டுப் பசியோடு மைக்கின் முன் உட்கார்ந்தோம். பல வாரமாக வண்ணம் பூசிய ரோபோவை மேசையில் வைத்து, அவன் பெருமையடித்துக்கொண்டே போனான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நேசரிக்குப் போற சின்னப் புள்ளையும் இதவிட வடிவாப் பூசும்டா."

விட்டான் ஒரு குத்து. உதடு கிழிந்து வாயெல்லாம் இரத்தம். அவன் தலையைப் பிடித்துச் சுவரில் மோதினேன். திரும்பவும் கையை ஓங்கியவன், என் வாயைப் பார்த்ததும் அப்படியே நின்று கத்தினான்.

"துப்புடா! முழுங்கிராத, நோம்பு முறிஞ்சிரும்!"

அவன் சொன்னது சரிதான். துப்பினேன், அந்த ரோபோவின் மேல்.