மூன்று சொல்லில் அர்த்தம்

ஆறாம் வகுப்பில் எங்களுக்கு ஒரு தண்டனை இருந்தது. தினமும் காலைப் பிரார்த்தனையில் ஒருவர், வாயில் நுழையாத இங்கிலீஷ் வார்த்தை ஒன்றைச் சொல்லி, அதற்குத் தமிழில் அர்த்தமும் சொல்லி, வாக்கியத்தில் அமைத்துக் காட்ட வேண்டும். அர்த்தம் மூன்று சொல்லைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மிஸ் சிவப்பு மையால் அடித்துவிடுவார். வெட்டுவதில் நான் கெட்டிக்காரி.

திங்கட்கிழமை என் முறை. வார்த்தை கிடைக்காமல் தவித்தபோது சனிக்கிழமையே அது வீடு தேடி வந்தது. அப்பாவை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன மாமா, டாக்டர் சீட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

"கடைசீல இன்னாவோ எழுதிக்கிறாங்க. பாத்து சொல்லும்மா," என்றாள் அம்மா.

பாலியேட்டிவ் கேர். அகராதியில் நீளமாகப் போட்டிருந்தது: நோயைக் குணப்படுத்தாமல், வலியை மட்டும் தணிக்கும் சிகிச்சை. எண்ணிப் பார்த்தேன். முன்பாதியை வெட்டினேன், 'மட்டும்' என்பதையும் வெட்டினேன். சரியாக மூன்று.

"வலியைத் தணிக்கும் சிகிச்சை."

அம்மாவின் முகம் தெளிந்தது. கட்டிலில் இருந்த அப்பா என்னையே பார்த்தார்.

"அவ்ளோதான் போட்டுக்குதா?"

"அவ்ளோதாம்பா."

அன்று சாயங்காலமே அம்மா, தறிவேலை கொடுக்கும் முதலாளிக்கு போன் செய்தாள். "வலி கொறஞ்சிடுமாம்ங்க. அடுத்த மாசம் அவரே தறியில குந்திடுவாரு. பாவு குடுத்தனுப்புங்க." ஞாயிற்றுக்கிழமை முழுக்க, மூன்று சேலைக்கான புதுப் பாவு நூலை, தறியில் இருந்த பழைய நுனிகளோடு அம்மாவும் பக்கத்து வீட்டாரும் இழை இழையாகப் பிணைத்தார்கள். ஒரு நுனியை மட்டும் அப்பா எழுந்துவந்து தானே முறுக்கிவிட்டார். வேண்டாமென்று சொல்லவில்லை.

திங்களன்று மைக்கில் அர்த்தத்தைச் சொன்னேன். பிறகு வாக்கியம்: என் அப்பாவுக்குப் பாலியேட்டிவ் கேர் கொடுக்கிறார்கள். பள்ளிக்கூடமே கைதட்டியது. மிஸ் தட்டவில்லை. என்னைத் தூணோரம் அழைத்துப்போய்த் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"நான்தான் மிஸ் சொன்னேன்," என்றேன் பெருமையாக.

மிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உச்சரிப்பில்தான் எங்கோ பிசகிவிட்டேன் என்று நினைத்தேன். அன்று வீடு வரும்வரை அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லித் திருத்திக்கொண்டே வந்தேன்.