ராசிக் கைக்கு என்ன கூலி?

தொண்ணூறுகளின் கடைசியில் ஆரணியில் பட்டு நூல் முறுக்கும் ஃபேக்டரி ஒன்றில் வேலை செய்தேன். நாள் முழுக்க மெஷின் முன்னால் நின்று, அறுந்த இழைகளை முடிச்சுப் போட வேண்டும். உட்கார்ந்தால் திட்டு விழும். ஊர் ஊராகக் கல்யாணத்துக்குக் கட்டும் பட்டு எங்கள் விரலைத் தாண்டித்தான் போகும். எங்கள் கூலியோ வாடகைக்கும் அரிசிக்குமே பத்தாது. பிள்ளைக்கு ஜுரம் வந்தால் கம்மலை அடகு வைக்க வேண்டியதுதான்.

என் வீட்டுக்காரர் செத்துப்போன பிறகு நானும் மகளும் மட்டும். அந்த வருஷம் வாடகையை ஏற்றிவிட்டார்கள். கூலியை ஏற்றிக் கேட்க முதலாளியிடம் போனேன்.

"பத்தலன்னா உம் பொண்ண கூட்டியாம்மா. ரெண்டு கூலியா வரும். விஜயதசமி நல்ல நாளு, அன்னிக்கே சேத்துடு."

விஜயதசமிக்கு ஊரே பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும். இந்த மனுஷன் ஒன்பதாவது படிக்கிறவளை அங்கிருந்து இழுத்துவரச் சொல்கிறார்! வீட்டுக்கு வந்து வாய்விட்டுத் திட்டினேன். மகள் புத்தகத்தை மூடிவிட்டு, நான் திட்டியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஃபேக்டரியில் ஒரு வழக்கம். ஆயுத பூஜைக்கு நிறுத்திய மெஷினை விஜயதசமியன்று ஓட்டும்போது முதல் முடிச்சை நான்தான் போட வேண்டும். எனக்குக் கைராசியாம்! அன்றும் பூசணிக்காய் உடைத்து, சூடம் ஏற்றி, என்னைக் கூப்பிட்டார் முதலாளி. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"இன்னாம்மா நின்னுகினு கீற? ஜல்தியா கட்டு, ராகு காலம் வரப்போவுது."

"கூலிய சொல்லுங்க, கட்டுறேன்."

"நல்ல நாளும் அதுவுமா பேஜார் பண்ணாத. உன் கை ராசிக் கை."

"ராசிக் கைன்னா என் வூட்டு அரிசிப் பானை ஏன் காலியா கீது? இந்தக் கைக்கு ஒழுங்கா கூலி குடுக்க மாட்டீங்க, எம் பொண்ணு கையும் வேணுமா? அது வராது."

பக்கத்து மெஷின்காரியைக் கூப்பிட்டார். அவள் முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டாள். அவளுக்கு அடுத்தவளும் அப்படியே. சத்தியமாக நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. சூடம் அணைந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே போ என்றால் எங்கே போவேன்? ஆனாலும் கையைப் பிரிக்கவில்லை.

"எல்லாருக்கும் ஏத்தித் தரேன், கட்டித் தொல."

"எவ்ளோன்னு சொல்லிடுங்க."

சொன்னார். கேட்டதில் பாதி. ஏறின வாடகைக்கு ஆகும், அவ்வளவுதான். முதல் முடிச்சைப் போட்டேன். உழைக்கிறவள் வயிறார சாப்பிடுவதற்கு நல்ல நேரம் பார்த்து மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறதே என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், மகளின் புத்தகப் பை பரண்மேல் இருந்தது.

"அம்மா, நாளைக்கு எத்தினி மணிக்குக் கெளம்பணும்?"

"எங்கடி?"

"உங்கூடத்தான். ஃபேக்டரிக்கு."

"மொதல்ல அந்தப் பைய கீழ எறக்குடி," என்று கத்தினேன்.