முடிவதற்குள் வந்த பொன்னாடை

பியானோவுக்கு இசை எழுதிய பழைய ஐரோப்பியர் ஒருவரின் கிழப்பருவம்தான் எனக்குப் பிடிக்கும். வாலிபத்தில் அவர் பியானோ வாசித்தால் சீமாட்டிகள் மயங்கி விழுவார்களாம். அந்த வாணவேடிக்கையைத்தான் உலகம் இன்றும் வாசிக்கிறது. வயதான பிறகு அவர் எழுதியவை இரண்டு பக்கம், மூன்று பக்கம். நாலு சுரம், பிறகு மௌனம். முடிவுகூட முடிவு மாதிரி இருக்காது. கிழவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று கூட இருந்தவர்களே பேசினார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

கடலூரில் ஒரு கீபோர்டு வகுப்பில் ஏழு வருஷமாகச் சொல்லிக்கொடுத்துவந்தேன். சினிமாப் பாட்டு, அது முடிந்தால் இன்னொரு சினிமாப் பாட்டு. சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வகுப்பின் ஆண்டு விழா என்றார்கள். கிழவரின் இரண்டு பக்கத்தை வாசிக்கப்போகிறேன் என்று சொல்லி, புதுச்சேரியிலிருந்து ஒரு மின்பியானோவை இரவல் வாங்கினேன். வகுப்பு நடத்துகிறவர் ஒருமுறை கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். பெற்றோர் வரும் இடத்தில் எழவு வீட்டுச் சங்கீதம் எதற்கு, மாற்றாவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அந்தச் சம்பளம் எனக்குத் தேவைதான். ஆனால் ஊரில் ஒருவர்கூட இதைக் கேட்டதில்லையே என்ற வீம்பு அதைவிடப் பெரிதாக இருந்தது. மாற்றவில்லை.

பிள்ளைகள் வாசித்து முடித்தபின் நான் உட்கார்ந்தேன். சிறப்பு விருந்தினருக்கு அடுத்த விழாவுக்குப் போகிற அவசரம். முதல் பக்கத்தின் அடியில் ஒரு நீண்ட மௌனம் வரும். நான் கையைத் தூக்கியதுதான் தாமதம், மண்டபமே கைதட்டியது. விருந்தினர் விறுவிறுவென்று வந்து என் தோளில் பொன்னாடையைப் போர்த்தினார். போட்டோக்காரர் என்னைத் திரும்பச் சொன்னார். வகுப்புக்காரர் மைக்கில் நன்றியுரையையே ஆரம்பித்துவிட்டார்.

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கிழவருக்கும் இதைத்தான் செய்தார்கள். வாலிபத்துக்கு மாலை போட்டுவிட்டு, மிச்சத்தைக் கேட்காமல் எழுந்து போனார்கள். பொன்னாடையை மடித்துப் பக்கத்தில் வைத்தேன்.

"இன்னும் முடியல சார். ஒக்காருங்க. முதல்லேருந்து வாசிக்கிறேன்."

விருந்தினர் உட்கார்ந்தார், பாவம். மறுபடி தொடங்கினேன். அதே மௌனம் வந்தது. ஒரு கையும் அசையவில்லை. கடைசிச் சுரம் தேய்ந்து அடங்கிய பிறகும், இன்னொரு முறை ஏமாந்துவிடுவோமோ என்று யாரும் தட்டவில்லை. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தக் கிழவரின் இசைக்கு இதைவிடப் பெரிய மரியாதை உண்டா என்ன? நானாக எழுந்து கும்பிட்ட பிறகுதான் தட்டினார்கள்.

பியானோவைக் குட்டியானை வண்டியில் ஏற்றும்போது வகுப்புக்காரர் வந்தார்.

"நாளையிலேருந்து வராதீங்க டீச்சர். வந்த பெத்தவங்க மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?"

"வரல சார்" என்றேன். "ஆனா இன்னிக்கு முழுசா வாசிச்சிட்டேன்."