தொட்டில் ஸ்பிரிங்கும் பழைய இயற்பியலும்

மகளுக்கு நான்கு மாதம் ஆனபோது, கணவரின் அக்கா யோங் பெங் ஊரிலிருந்து தொட்டில் ஸ்பிரிங் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய மூன்று பிள்ளைகளும் அதில் மாட்டிய கைலிக்குள் உறங்கி வளர்ந்தவர்கள். அப்படிக் கைமாறி வரும் ஸ்பிரிங்கை வேண்டாம் என்பது, கொடுத்தவர் பிள்ளை வளர்த்த விதத்தையே குறை சொல்வதுபோல. வாங்கிக்கொண்டேன். ஆனால் சோதித்துப் பார்க்காமல் மகளை அதில் போட மனம் வரவில்லை.

பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தவள் நான். மறுநாள் ஸ்பிரிங்கின் நீளத்தைக் குறித்துக்கொண்டு, அதைக் கொக்கியில் மாட்டி, மகளுக்குப் பதிலாக ஐந்து கிலோ அரிசிப் பைகள் இரண்டைக் கைலிக்குள் வைத்தேன். தினமும் எல்லை தாண்டிப் போகும் சிங்கப்பூர் வேலைக்கு அன்று விடுப்பு எடுத்திருந்த கணவர் பார்த்துச் சிரித்தார்.

"நேத்து ஒரு வீடியோ பார்த்தேன். புவியீர்ப்புன்னு ஒரு விசையே கிடையாதாம். பாப்பா கீழ விழாதாம், தரைதான் மேல வந்து முட்டுமாம் லா."

"எது எதை முட்டுனா என்னங்க? வீங்கப்போறது அவ மண்டைதானே?"

அவர் சொன்னது பிழையில்லை. வளைந்த காலவெளியைப் பற்றி நானும் படித்துத் தேர்வு எழுதியிருக்கிறேன். புதன் கோளின் பாதையில், பள்ளியில் படிக்கும் பழைய ஈர்ப்பு விதி தடுமாறிய இடத்தில் இந்தப் புதியதுதான் சரியான விடை தந்தது. இருந்தும் என் பிரியம் பழையதன்மேல்தான். பூமி கீழே இழுக்கிறது, ஸ்பிரிங் மேலே இழுக்கிறது. அரிசிப் பையும் அடிக்கோலும் இருந்தால் வீட்டிலேயே சோதித்துப் பார்த்துவிடலாம்.

பைகளை இறக்கினேன். ஸ்பிரிங் பழைய நீளத்துக்குத் திரும்பவில்லை. இரண்டு சென்டிமீட்டர் நீண்டே நின்றது. தவறாக அளந்துவிட்டேனோ என்று மூன்று முறை அளந்தேன். தளர்ந்துபோன ஸ்பிரிங்தான்.

அக்காவை அழைக்க இரண்டு நாள் தயங்கினேன். படித்த திமிர் என்று நினைத்துவிடுவாரோ? கடைசியில் உள்ளதைச் சொன்னேன்.

"அலமாக்! என் சின்னவன் ரெண்டு வயசு வரைக்கும் அதுலதான் குதிச்சிக்கிட்டுக் கெடந்தான்." பிறகு குரல் தாழ்ந்தது. "நான் ஒரு நாளும் அதைச் சோதிச்சுப் பார்க்கலையேம்மா."

"அவனுக்கு ஒண்ணும் ஆகலையேக்கா," என்றேன்.

சனிக்கிழமை அவரே புது ஸ்பிரிங் வாங்கி வந்தார். இருவருமாகச் சோதித்து முடித்து, மகளைக் கைலிக்குள் படுக்கவைத்தோம். அது தாங்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் உறங்கும்வரை கைலிக்கு அடியில் ஒரு கையை வைத்தபடி இருந்தேன். எதிர்ப்பக்கத்தில் அக்காவின் கையும் இருந்தது.