மீன் தொட்டிகளுக்கு மேலே ஒரு தையல் மிஷின்

தொண்ணூறுகளின் நடுவில் நானும் அக்காவும் பாச்சாங்கில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். அக்காவுக்கு ஆயர் குரோவில் ஃபேக்டரி வேலை. விடிவதற்குள் பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். அம்மாவும் அப்பாவும் இன்னும் ரப்பர் எஸ்டேட்டில்தான் பால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வீட்டிலிருந்தே துணி தைத்தேன். மாடித் தரை முழுக்கப் பலகை. வெறுங்காலோடு நடந்தாலே முனகும்.

கீழே வண்ணமீன் கடை. கடைக்காரர் எங்களைவிட ரொம்ப மூத்தவர், தனியாள். அண்ணே என்று கூப்பிடுவோம். கடைக்குள் வெயில் நுழையாது. சுவரோரம் அடுக்கடுக்காகத் தொட்டிகள், அவற்றுக்கு மேல் நீல விளக்குகள், எதிர்ச்சுவரில் ஒரு மாதா படம். அந்தப் படத்தின் கண்ணாடியிலும் மீன்கள் நீந்தும். மாடிப்படி கடையின் பின்பக்கம் இருந்ததால், பசாருக்குப் போய்விட்டுக் காய்கறிப் பையோடு திரும்பும்போதெல்லாம் அந்த நீலத்தைக் கடந்துதான் நான் மேலே ஏறவேண்டும். தண்ணீருக்கடியில் நடந்துபோய்க் கரையேறுவது போல இருக்கும். சில நாள் வேண்டுமென்றே மெதுவாக நடப்பேன்.

அந்த வருடம் தீபாவளித் துணிகள் வந்து குவியத் தொடங்கியதும் மிஷினுக்கு மோட்டார் பூட்டினேன். காலால் மிதித்தபோது சாதுவாக ஓடிய மிஷின், மோட்டார் வந்ததும் வேறு ஆளாகிவிட்டது. மேசை தடதடவென்று ஆடியது. மேலே வைத்த கத்தரிக்கோல் தானாக நகர்ந்து நகர்ந்து விளிம்புக்குப் போய் விழுந்தது. ஒரு நீளத் தையல் போட்டு முடிப்பதற்குள் மேசையே என்னை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும்.

ஒரு மத்தியானம் அண்ணன் மேலே வந்தார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே கதவருகில் நின்றார்.

“தங்கச்சி, நீங்க தைக்கிறப்ப கீழ தண்ணியெல்லாம் நடுங்குது.”

“சத்தம் ரொம்பக் கேக்குதாண்ணே?”

“சத்தம் பரவால்லலா. டிஸ்கஸ் மீனு ஒரு ஜோடி முட்ட வச்சிருந்துச்சு. பயந்துபோயி அதுங்களே தின்னுடுச்சு.”

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவர் அதை மழை வரும்போல இருக்கிறது என்பது மாதிரிச் சொன்னார். கூடவே இறங்கிப் போய்ப் பார்த்தேன். தட்டு போல வட்டமாக இரண்டு மீன்கள், கவிழ்த்து வைத்த ஒரு மண்சட்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன. முட்டைகள் இருந்த இடத்தில் இப்போது எதுவும் இல்லை. ஒரு மீன் அந்த இடத்துக்கு நேராக வந்து, துடுப்பு மட்டும் அசைய, அப்படியே நின்றது.

அன்றைக்கு மிஷினைத் தொட மனம் வரவில்லை. மறுநாளும் கையாலேயே ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து வந்த அக்கா கட்டிலில் கிடந்த துணிகளைப் பார்த்தாள்.

“மீனுக்காவ மிஷின நிறுத்திட்டியா? ஒனக்கென்ன பைத்தியமா?”

சொன்னவளே தன் பழைய கம்பளியை எடுத்து மடித்து மிஷினுக்கு அடியில் வைத்தாள். மிஷின் ஒரு பக்கமாகச் சரிந்து, தையல் பாம்பு போல வளைந்து போனது. மேசைக்காலுக்கு அட்டையை மடித்துக் கொடுத்துப் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் அட்டை துள்ளி வெளியே வந்துவிட்டது. இருவரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம்.

அடுத்த நாள் அண்ணனே வந்தார்.

“ஏன் தைக்கல?”

“பாவமா இருக்குண்ணே.”

“அதுங்க மறுபடி வைக்கும். நீங்க தைக்காம எப்படி?” மேசை நின்ற பலகையைக் காலால் அமுக்கிப் பார்த்தார். அது ஊஞ்சல் போல இறங்கி ஏறியது. “அறைக்கு நடுவுல வச்சா அப்படித்தான். கீழ உத்தரம் எங்க போவுதுன்னு தட்டிக் காட்டுறேன். நீங்க மேல குறிச்சுக்குங்க.”

அவர் கீழே போய்த் துடைப்பக் கட்டையால் தட்டத் தொடங்கினார். துணியில் கோடு போடும் சாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான் தரையில் மண்டியிட்டேன். டொக், டொக். என் முழங்காலுக்கடியில் ஒரு சத்தம். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. ஓட்டைப் பலகைகள் வழியே நீல வெளிச்சம் கீற்றுக் கீற்றாக வந்து என் கைமேல் விழுந்தது. பார்க்க முடியாத ஒருவர் கீழே நடந்துபோக, நான் அவருக்கு மேலே தவழ்ந்துகொண்டே கோடு போட்டேன். சத்தம் கெட்டியாகக் கேட்ட இடங்கள் எல்லாம் சேர்ந்து ஜன்னலோரமாக ஒரே நேர்க்கோடாக வந்தன. அந்தக் கோட்டின் மேல் மேசையைத் தள்ளிப் போட்டேன்.

ஆட்டம் பாதி குறைந்தது. மீதிக்கு, ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட்டுக்குப் போனபோது ஒரு வழி கிடைத்தது. பக்கத்து மலாய்க் கம்போங்கில் ஒரு பெரியவர், பாக்சிக் என்போம், தன் ரப்பர் ஷீட்டுகளைக் கொடியில் துணி போலத் தொங்கவிட்டிருந்தார். அப்பாவிடம் சொல்லி ஒரு ஷீட்டு வாங்கி வந்தேன். பஸ் முழுக்க அந்தப் புளித்த வாடை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு இடம் பார்த்துப் போய்விட்டார். ஷீட்டைத் துண்டு துண்டாக வெட்டி, மடித்து, ஒவ்வொரு மேசைக்காலுக்கும் அடியில் கொடுத்தேன். மிஷினை மேசைப் பலகையோடு பிடித்திருந்த திருகாணிகளையும் இறுக்கினேன்.

“நீ கீழ போயி பாரு. நான் ஓட்டுறேன்,” என்றாள் அக்கா. அவளுக்குத் தைக்கத் தெரியாது. ஒரு கிழிசல் துணியைக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

அண்ணன் விரலால் மேலே காட்டினார். தூரத்தில் எங்கோ தேனீக்கள் இருப்பது போல ஒரு ரீங்காரம். அவ்வளவுதான். தொட்டிகளில் காற்றுக் குமிழிகள் ஏறின. மற்றபடி தண்ணீர் தூங்குவது போல இருந்தது.

தீபாவளி முடிந்து கிறிஸ்மஸ் துணிகள் வந்திருந்த ஒரு நாள், தைத்துக்கொண்டிருந்த என்னை அண்ணன் படிக்கட்டில் நின்று மெல்லக் கூப்பிட்டார். போனேன். அந்த டிஸ்கஸ் ஜோடியில் ஒரு மீனின் பக்கவாட்டில் தூசி போலக் குஞ்சுகள் ஒட்டிக் கொத்திக்கொண்டிருந்தன. அது அசைய, அவையும் ஒரு மேகம் போலக் கூடவே அசைந்தன.

“பாலா குடிக்கிதுங்க?”

“பால் மாதிரிதான். தாய் ஒடம்புல ஊறும். அப்பனுக்கும் ஊறும்.”

அவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பெற்ற மீன்களில் ஒன்று உடலைச் சிலிர்க்க, குஞ்சுகள் எல்லாம் கலைந்து மற்றதன் மேல் போய் ஒட்டிக்கொண்டன. வாசலில் யாரோ ப்ளவுஸ் ஆகிவிட்டதா என்று குரல் கொடுத்தார்கள். இதோ வரேங்கா என்றேன். எழுந்திருக்கவில்லை.